ஊசிக்குப் பயந்த குழாய்க்காரர்

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் முதலில் கூப்பிடுவது குழாய்க்காரரைத்தான். அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை மனைவியைத் தவிர யாரும் இப்போது சொல்வதில்லை. அவளும் கோபம் தலைக்கேறினால்தான் சொல்வாள். ஆள் குள்ளம், தோள் அகலம், வாய் அதைவிட அகலம். சுவரில் காதை வைத்து, விரலால் தட்டி, உள்ளே குழாய் எங்கே வெடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் ஈரம் தெரிகிற இடத்தைக் காட்டி, "இங்க கொஞ்சம் சிமென்ட் வச்சுப் பூசிடுங்களேன்" என்றால் அவருக்குப் பொறுக்காது.

"சொட்டுற இடம் வேற சார், கசியுற இடம் வேற. சொட்டுற இடத்தைப் பூசிட்டுப் போறவன் குழாய்க்காரன் இல்ல, பெயின்டர்."

இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நூறு வீட்டில் சொன்ன பேச்சுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்வார்.

சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாக்கடையில் கை விடுகிறவர் என்று யாரும் முகம் சுளிக்க முடியாது. முழங்கை வரை ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு, வீட்டு வாசலில் இன்னொரு முறை சோப்பு, வேலை உடுப்புக்குத் தனி வாளி. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊரே அவரைக் கிண்டல் செய்யும். மனிதருக்கு ஊசி என்றால் பயம். "மலக்குழாயில கை விடுவாரு, ஊசியைக் கண்டா மயக்கம் போடுவாரு" என்று அவருடைய அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அது பொய். ஒரு தடவை தகரம் கிழித்து உள்ளங்கையில் தையல் போட்டபோது, ஊசி உள்ளே போய் வெளியே வருவதைக் குழாய் வேலையை மேற்பார்வை பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஊசிப்பயம் என்பது அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. எப்படி வந்தது என்பதுதான் கதை.

அவருடைய மனைவி பயணப்பை தைக்கிற கூடம் ஒன்றில் ஜிப் பொருத்துகிறவள். தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜிப்பையும் இழுத்துப் பார்ப்பாள், மூடிப் பார்ப்பாள், பல் ஒன்று பிசகியிருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். தைத்த பிறகு பிரித்தால் துணி பாழ் என்பது அவள் கட்சி. பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்ததும், அந்தக் காரியத்தையும் அவள் அதே கண்ணோடுதான் பார்த்தாள். கர்ப்பம் தரிக்கும் முன்பே பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் நர்ஸைப் பிடித்து எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். ரூபெல்லா என்கிற அம்மைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, நர்ஸ் சொன்னபடி ஒரு மாதம் பொறுத்தாள். பல் டாக்டரிடம் போய்ப் பல்லைச் சரி செய்துகொண்டாள். இறைச்சி என்றால் உள்ளே சிவப்புத் தெரியாமல் வேக வேண்டும், பால் என்றால் கொதிக்க வேண்டும், கீரையும் பழமும் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். அண்ணன் பிள்ளை தின்று மிச்சம் வைத்ததை வாயில் போடுகிற பழக்கத்தையும் விட்டாள். சின்னப் பிள்ளைகளின் எச்சிலில் இருக்கிற ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாளாம்.

வீட்டில் ஒரு பூனை உண்டு. அது மலம் கழிக்கிற மணல் தட்டிலும் கிருமி இருக்கும், இனி அவள் அதைத் தொடக்கூடாது என்று நர்ஸ் சொன்னதும் குழாய்க்காரர் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதெல்லாம் எனக்கு ஜுஜுபி. நீ அந்தப் பக்கமே வராத."

தினமும் காலையில் கையுறை மாட்டித் தட்டைக் கழுவினார். அக்கா முன்னிலையில் கழுவும்போது கொஞ்சம் சத்தமாகவே கழுவினார்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க. ஒருத்தருக்கு ஏதாவது இருந்தா முன்னாடியே மருந்து போட்டுடலாம்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மனைவி கூப்பிட்டாள். குழாய்க்காரர் நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் சாய்ந்தார்.

"ஐயோ, ஊசியா? என்னை விட்டுடும்மா. எனக்கு என்ன நோய் இருக்கப் போகுது? கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். ஊசிப்பயம் பிறந்தது அன்றைக்குத்தான். அவள் மறுபடி கூப்பிட்டபோது அது கொஞ்சம் வளர்ந்தது. பிறகு அக்கா காதுக்குப் போய்ச் சேர்ந்தது, ஊர் முழுக்கப் பரவியது, குழாய்க்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அவருக்கு நினைவில் இருந்தது ஒரு புண். கல்யாணத்துக்குச் சில மாதம் முன்னால், தூரத்தில் கட்டுகிற ஒரு அடுக்குமாடியில் வேலைக்குப் போய்த் தங்கியிருந்தபோது, கூட்டாளிகளோடு ஓர் இடத்துக்குப் போனார். அப்புறம் அந்தரங்கமான இடத்தில் ஒரு புண் வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. யாரிடமும் காட்டவில்லை. தானாக ஆறிவிட்டது. ஆறியதும் போய்த் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டார். ஊர் வீட்டுச் சுவரையெல்லாம் தட்டிப் பார்க்கிற மனிதர், தன் வீட்டுச் சுவரில் ஈரம் காய்ந்ததும் பூசிவிட்டுப் போய்விட்டார்.

அவள் கர்ப்பமானாள். முதல் பரிசோதனையிலேயே அவள் ரத்தத்தில் சிஃபிலிஸ், அதாவது உடலுறவில் தொற்றுகிற மேகநோய், இருப்பதாக வந்தது.

நர்ஸ் அவளைத் தனியாக உட்கார வைத்து எடுத்துச் சொன்னாள். மருந்து இருக்கிறது, பென்சிலின் ஊசி, வாரத்துக்கு ஒன்றாகச் சில வாரம். கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே போய்விடலாம், குறையோடு பிறக்கலாம். ஆரம்பத்திலேயே தெரிந்தது நல்லது. "ஆனா உங்க வீட்டுக்காரர் கண்டிப்பா வரணும். அவரையும் பார்த்து மருந்து கொடுக்கணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் தனித்தனியா படுங்க. இல்லன்னா உங்களுக்குத் திரும்ப வந்துடும்."

அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள். "எனக்கு எப்படிங்க வந்துச்சு?"

இந்த இடத்தில் குழாய்க்காரர் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. நாலு நாள் அழுகை, நாலு நாள் பட்டினி, அப்புறம் ஊசி, முடிந்தது. ஆனால் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்தார். அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அப்புறம் அந்த அகல வாய் தானாகத் திறந்தது.

"நீ வேலை செய்யிற இடத்துல டாய்லெட் எப்படி இருக்கும்?"

"எப்படின்னா? பொதுதான். எல்லாரும் போறதுதான்."

"அதான். அந்த சீட்டுலேர்ந்து வந்திருக்கும். எத்தனை டாய்லெட் பார்த்திருக்கேன் நான். எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? வேறு எவனாவது சொல்லியிருந்தால் நர்ஸிடம் கேட்டிருப்பாள். டாய்லெட்டைப் பற்றிக் குழாய்க்காரர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் உண்டா? நர்ஸ் ஏதோ பொதுவாகச் சொல்கிறாள், இவர் தொழில் தெரிந்தவர் என்று முடிவு செய்துகொண்டாள். வீட்டுக்காரர் எங்கே என்று கிளினிக்கில் கேட்டபோதெல்லாம், "வேலை சிஸ்டர், அடுத்த வாரம் வந்துடுவாரு" என்று அவருக்காகத் தானே சாக்குச் சொன்னாள்.

பொய் சொன்னால் அதற்கேற்ற வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் குழாய்க்காரர் பயணப்பைக் கூடத்துக்குப் போய், மேற்பார்வையாளரிடம் மனைவிக்கு டாய்லெட்டிலிருந்து ஏதோ தொற்று என்று மட்டும் சொல்லி அனுமதி வாங்கி, பெண்கள் டாய்லெட்டின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினார். ஃபிளஷ் டேங்கின் வாஷரை மாற்றினார். தரையை அமிலம் ஊற்றித் தேய்த்தார். மறுநாள் கூடம் முழுக்க அவர் புகழ்தான். "உன் வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கணுமே" என்று தையல் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை அவளை அழைத்துப்போக வந்த குழாய்க்காரரை எல்லாரும் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கமான மனிதர் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

அதே நேரத்தில் மேற்பார்வையாளர், டாய்லெட் தேய்க்கிற துப்புரவு அக்காவை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார்.

"ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று வந்திருக்கு. நீங்க ஒழுங்காத் தேய்ச்சிருந்தா வெளியாள் வந்து மாத்த வேண்டி வருமா?"

அந்த அம்மாள் கையில் துடைப்பத்தோடு நின்றாள். "நான் தினமும் தேய்ப்பேனே சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைக் கட்டடத்துக்கு வெளியே, லாரி வந்து போகிற முற்றத்தைப் பெருக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். குழாய்க்காரர் இரண்டு முழம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் அவர் பூனையோடு முன்னறையில் படுத்துக்கொண்டார். நர்ஸ் சொன்னதை மதிக்கிறார் என்று மனைவி நினைத்தாள். நன்றி நிறைந்து அவள் பார்க்கிற பார்வையைத் தாங்கமுடியாமல், விடிந்ததும் முதல் ஆளாய் வேலைக்குக் கிளம்பினார். கிளினிக் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் சுற்றிக்கொண்டு போனார். ஒரு ஊசிதான், ஒரு குழாய் ரத்தம்தான், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்.

தன் ஊசிகளைப் போட்டு முடித்ததும் அவள், "எனக்குச் சரியாயிடுச்சு, இனிமே என்ன" என்று ஒரு நாள் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். அவர் மறுக்கவில்லை. அவர் செய்ததிலேயே கேவலமானது அதுதான். மறுநாள் வேலைக்குப் போன வீட்டில், கழுவுதொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், கண்ணாடியின் மேல் துணியைப் போட்டுவிட்டு வேலை பார்த்தார்.

புது சீட் மாட்டியும் அவளுக்குப் பயம் போகவில்லை. பயத்தை மனதில் போட்டவர் யார்? கூடத்தில் டாய்லெட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். போக வேண்டி வரக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதையும் விட்டாள். காலையில் கிளம்பினால் மாலை வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டு ஜிப் பொருத்தினாள். ஆறாவது மாதத்தில் ஒரு மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது. முதுகில் விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், வயிறு இறுகி இறுகி விட்டது. கூடத்தார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழாய்க்காரர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

சிறுநீரில் தொற்று, சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். பிள்ளைக்கு நேரமாகவில்லை, இப்போதே பிறந்துவிடாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் கிளினிக் நர்ஸ் பார்க்க வந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் குழாய்க்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா இப்படி அடக்கி வச்சே? தண்ணி நல்லாக் குடி, அப்பப்ப போயிட்டு வான்னு சொல்லியிருந்தேனே."

"பயம் சிஸ்டர். அந்த டாய்லெட்லதானே எனக்கு அது வந்துச்சு."

"எது வந்துச்சு?"

"அதான், சிஃபிலிஸ்."

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டாய்லெட் சீட்டுல உட்கார்ந்து அது வராதும்மா. யாரு சொன்னா உனக்கு?"

அந்தக் காய்ச்சல் முகத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. கையை நீட்டிக் காட்டினாள். "இவர்தான் சொன்னாரு. இவருக்குத் தெரியாத டாய்லெட்டா?"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் காலி, எதிர்க் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. மனைவி நர்ஸின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

குழாய்க்காரர் தொண்டையைக் கனைத்தார். "சொட்டுற இடம் வேற, கசியுற இடம்..."

அவள் அவருடைய பெயரைச் சொன்னாள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர். "குழாய்க் கதை வேணாம். நேராச் சொல்லுங்க."

சொன்னார். அடுக்குமாடி வேலை, கூட்டாளிகள், அந்த இடம், வலிக்காத புண், தானாக ஆறியது. சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போனது. நர்ஸ் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

"நான் டெஸ்ட் எடுக்கலாம்னு கூப்பிட்டப்ப அந்தப் புண்ணு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஊசிப்பயம்?"

"சும்மா சொன்னது."

"அன்னைக்கு நானா கூப்பிட்டேனே. அப்பவும் ஞாபகம் இருந்துச்சா?"

அவர் தலையை ஆட்டினார். கையில் இன்னும் ரப்பர் கையுறை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதைக் கழற்றக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றாள். அவர் பாய்ந்து டம்ளரை நீட்டினார். வாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, மருந்து ஏறுகிற கையோடு ஜக்கைத் தானே எடுத்து, நிறுத்தி நிறுத்தி அத்தனையையும் குடித்தாள்.

நர்ஸ்தான் காரியத்தைப் பார்த்தாள். மனைவிக்குத் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும், திரும்ப ஊசி முதலிலிருந்து போட வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது, நம்பிக்கை உண்டு என்றாள். அவரை அப்போதே கையோடு அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், முடிவு எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அவருக்கு ஊசி போட அழைத்த நாளில் மனைவியும் தன் ஊசிக்காக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விவரம் தெரியாத வேறொரு நர்ஸ் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஊசின்னா பயமாமே சார்?" என்றாள்.

"ஊசிக்கு இல்ல சிஸ்டர்" என்றாள் மனைவி பெஞ்சிலிருந்தே. "முடிவுக்குத்தான்."

அண்ணன் வீட்டுக்கு அவள் போகவில்லை. அவரோடு பேசவும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "என்னைச் சாக்கா வச்சு அந்தத் துப்புரவு அக்காவைத் திட்டு வாங்க வச்சிட்டீங்க. போய்ச் சரி பண்ணுங்க. என் பேரு வெளிய வந்தாலும் வரட்டும்."

குழாய்க்காரர் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குப் போனார். மேற்பார்வையாளரிடம், முற்றத்திலிருந்து துப்புரவு அக்காவையும் கூப்பிடச் சொன்னார். டப்பாவைத் திறந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எத்தனையோ வீட்டில் அளந்த வாய் அன்றைக்கு ஒரு வரிக்குத் தவித்தது.

"டாய்லெட்ல ஒரு குறையும் இல்ல சார். என் மனைவிக்கு வந்தது என்கிட்டேர்ந்து வந்தது. இந்த அக்கா மேல தப்பே இல்ல."

அவரைப் போல ஒருத்தர் கிடைக்கணும் என்று பெருமூச்சு விட்டவள் டப்பாவை மூடினாள். துப்புரவு அக்காதான் கேட்டாள்.

"அந்தப் பழைய சீட்டை என்ன பண்ணினீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்கா."

"நல்ல சீட்டு" என்றாள் அந்த அம்மாள். "ஒரு கறை இருக்காது."

அவர் கூனிக் குறுகித் தெருவுக்கு வந்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் அந்தப் பெயின்டர் பேச்சைப் பேசவில்லை. குழாய்க்காரருக்கு என்ன ஆயிற்று, ஆளே மாறிவிட்டாரே என்று வட்டாரத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். எடை இருந்தது, அழுகை இருந்தது, டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பார்வைக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் ரத்தம் எடுக்க வேண்டும், வரும் மாதங்களிலும் எடுத்துப் பார்க்க வேண்டும், பாதுகாப்புக்கு ஒரு ஊசியும் போட வேண்டும். நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளையை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். அக்கா வழக்கம்போல் முந்திக்கொண்டு, "அவன் வேணாம், அவனுக்கு ஊசின்னா மயக்கம் வந்துடும், நான் பிடிக்கிறேன்" என்றாள். அக்காவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மனைவி பிள்ளையை அக்காவிடம் கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் பேசாதவள், அவரைப் பார்த்து நீட்டினாள்.

"நீங்க பிடிங்க."

கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். அவர் கட்டைவிரல் தடிமன்கூட இல்லை அந்தக் கை. நர்ஸ் நரம்பைத் தேடினாள், முதல் தடவை கிடைக்கவில்லை, இன்னொரு தடவை குத்தினாள். பிள்ளை முகம் சிவந்து, மூச்சு அடங்கி, பிறகு வீறிட்டது. "நல்லாப் பிடிங்க சார், கண்ணை வேணா மூடிக்கோங்க" என்றாள் நர்ஸ்.

அவர் மூடவில்லை. ரத்தம் குழாயில் ஏறி முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னை மன்னிச்சிடும்மா" என்று பிள்ளையின் காதில் சொன்னார். அக்கா அதைக் கேட்டுவிட்டாள். "எதுக்குடா மன்னிப்பு? ஒரு ஊசிக்கா?" என்று சிரித்தாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாய்க்காரர் அக்காவை அறைக்கு வெளியே அழைத்துப் போய், பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்.